செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் முன் அதன் மின்சுற்றைச் சோதியுங்கள்

தக்காளி, கத்தரி, பூ, பால் என எந்த விளைபொருளாக இருந்தாலும் விடிவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விலை. இந்த வேலைக்காகப் பல விவசாயிகள் இப்போது சொந்தமாகச் சிறிய சரக்கு வாகனம் வைத்திருக்கிறார்கள். டாடா ஏஸ் பெட்ரோல், மாருதி சூப்பர் கேரி போன்ற பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிகளும் பழைய ஆம்னி வேன்களும் கிராமங்களில் நிறையவே ஓடுகின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தபின் விற்கப்பட்ட வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளை இன்ஜின் கம்ப்யூட்டர் தொடர்ந்து கண்காணிக்கிறது. அதில் குறை தென்பட்டால் டேஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் இன்ஜின் வடிவ விளக்கு எரியும்.

இந்த விளக்கு எரிந்தால் பொதுவாக இரண்டில் ஒன்று நடக்கிறது. வண்டிதான் ஓடுகிறதே என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். அல்லது பட்டறையில் ஸ்கேனர் போட்டு, 'ஆக்சிஜன் சென்சார்' என்று காட்டியதும் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துச் சென்சாரை மாற்றுகிறார்கள். சில நாட்களில் அதே விளக்கு மறுபடியும் எரிகிறது. காரணம் எளிமையானது. ஸ்கேனர் காட்டும் எண், குறை எந்த மின்சுற்றில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டுப்போனது என்று சொல்வதில்லை. அந்தச் சுற்றில் சென்சார், அதன் ஹீட்டர், வயர், கனெக்டர், ஃபியூஸ், எர்த், இன்ஜின் கம்ப்யூட்டர் என ஏழு இடங்கள் உள்ளன. எதில் குறை என்பதை வரிசையாகக் கண்டுபிடிப்பது எப்படி என்று இங்கே பார்க்கலாம்.

இதில் சொல்லப்படுபவை பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிகளுக்கு மட்டுமே. டிராக்டர், டீசல் பிக்கப் வண்டிகளின் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பு வேறு. அவற்றுக்கு இந்த அளவுகள் பொருந்தாது.

ஆக்சிஜன் சென்சார் செய்யும் வேலை

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. சி.என்.ஜி.க்கு இது சுமார் 17 கிராம். காற்று கூடினாலும் குறைந்தாலும் எரிதல் கெடும். எரிந்து முடிந்த புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்பதைப் பார்த்துக் கலவை சரியா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் ஆக்சிஜன் சென்சாரின் வேலை.

வாய்க்கால் பாசனத்தில் பாத்தி நிறைந்ததைப் பார்த்து மடையை அடைக்கிறோம். காய்ந்ததைப் பார்த்துத் திறக்கிறோம். கம்ப்யூட்டரும் அதையேதான் செய்கிறது. சென்சார் 'ஆக்சிஜன் மிஞ்சுகிறது' என்றால் பெட்ரோலைக் கூட்டுகிறது; 'ஆக்சிஜன் இல்லை' என்றால் குறைக்கிறது. பாத்தியைப் பார்க்கும் கண் பொய் சொன்னால் தண்ணீர் வீணாவதுபோல, சென்சார் சுற்று தவறான செய்தி கொடுத்தால் பெட்ரோல் வீணாகும்.

சைலன்சர் குழாயில் திருகப்பட்டிருக்கும் இந்தச் சென்சாரின் உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான் வகைப் பொருள் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் புகையும் மறுபக்கம் வெளிக்காற்றும் படும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். இரு பக்கமும் உள்ள ஆக்சிஜன் அளவின் வேறுபாட்டுக்கு ஏற்ப அதில் சிறிய மின்னழுத்தம் உண்டாகும். புகையில் ஆக்சிஜன் குறைவாக இருந்தால், அதாவது பெட்ரோல் அதிகமாக இருந்தால், 0.8 முதல் 0.9 வோல்ட் வரை வரும். ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும். இரண்டுக்கும் நடுக்கோடு 0.45 வோல்ட்.

சென்சார் சுமார் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். அந்தச் சூட்டை விரைவாகக் கொடுக்கவே உள்ளே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். ஆகவே பெரும்பாலான சென்சார்களில் நான்கு வயர்கள் இருக்கும்: இரண்டு ஹீட்டருக்கு, ஒன்று சிக்னலுக்கு, ஒன்று எர்த்துக்கு.

பி.எஸ்.6 வண்டிகளில் பொதுவாக இரண்டு சென்சார்கள் உண்டு. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது சென்சார் 1. பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பது இதுதான். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பது சென்சார் 2. கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது இதன் முக்கிய வேலை.

அறிகுறிகள்

மைலேஜ் குறைவது, ஐடிலிங்கில் இன்ஜின் ஏறி இறங்குவது, சுமையோடு ஏற்றத்தில் பிக்கப் இல்லாதது, சைலன்சர் முனையில் கருப்புக் கரி படிவது, புகையில் பெட்ரோல் வாடை வருவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். சில வண்டிகளில் விளக்கு எரிவதைத் தவிர வேறு எந்த மாற்றமும் தெரியாது.

விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக வீடு வந்து சேர்ந்து சோதிக்கலாம். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அது வேறு செய்தி. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது. அது கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பழுக்கக் காய்ச்சும். உடனே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். அப்போது வைக்கோல், காய்ந்த சருகு, கரும்புத் தோகை மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. சூடான கன்வெர்ட்டர் பட்டுக் காய்ந்த புல் தீப்பிடிக்கும் ஆபத்து எப்போதும் உண்டு. களத்துமேட்டில் வண்டி நிறுத்துபவர்கள், விளக்கு எரியாத நாளிலும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எண் சொல்லும் செய்தி

ஸ்டியரிங் கீழே உள்ள 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டினால் பழுது எண் கிடைக்கும். செல்போனோடு புளூடூத்தில் இணையும் சிறிய ஓபிடி கருவிகளும் பெரும்பாலான வண்டிகளில் இதற்குப் போதும். முன் சென்சாருக்கு உரிய எண்கள் இவை:

பி0130 – சுற்றில் பொதுவான குறை
பி0131 – மின்னழுத்தம் குறைவாகவே நிற்கிறது
பி0132 – மின்னழுத்தம் அதிகமாகவே நிற்கிறது
பி0133 – சென்சார் மெதுவாகப் பதிலளிக்கிறது
பி0134 – சென்சாரில் அசைவே இல்லை
பி0135 – ஹீட்டர் சுற்றில் குறை

இதே வரிசையில் பி0136 முதல் பி0141 வரை உள்ளவை பின் சென்சாருக்கு உரியவை. பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு), பி0172 (பெட்ரோல் அதிகம்) என்ற எண்கள் வந்தால், சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. குறையை இன்ஜின் பக்கம் தேட வேண்டும்.

எண்ணைப் பார்த்ததும் அழித்துவிடாதீர்கள். பழுது பதிவான நேரத்தில் வண்டி என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்ற விவரமும் கம்ப்யூட்டரில் சேமிக்கப்பட்டிருக்கும். முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது திரையைப் படம் எடுத்து வையுங்கள். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைப்பது, நோய் தாக்கிய இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் பயிர் குணமாகிவிட்டது என்று நினைப்பது போன்றது. தடயம் போய்விடும், குறை அப்படியே இருக்கும்.

முதல் சோதனை: கண்ணால் பார்ப்பது

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, சென்சாரிலிருந்து மேலே செல்லும் வயரைக் கையால் தொட்டபடியே முழுவதும் பார்க்க வேண்டும். பண்ணை வண்டிகளில் இந்த ஒரு சோதனையிலேயே பல பழுதுகள் பிடிபட்டுவிடும். கவனிக்க வேண்டியவை:

எலி கடி: நெல், நிலக்கடலை மூட்டைகளுக்கு அருகே வண்டியை நிறுத்தினால் எலி இன்ஜின் அறைக்குள் வந்து வயரைக் கடிக்கும். மேலுறை மட்டும் போயிருந்தாலும் மழை நாளில் ஈரம் ஏறிச் சிக்னல் கெடும்.

சூட்டில் உருகுதல்: வயரைப் பிடித்திருக்கும் கிளிப் உடைந்தால் வயர் சைலன்சர் மேல் சாய்ந்து உருகிவிடும். பழைய வேலைக்குப் பிறகு கிளிப் மாட்டாமல் விட்டதால் இது அதிகம் நடக்கிறது.

உரத் துரு: யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ் மூட்டைகளில் இருந்து சிந்தும் உரம் காற்றின் ஈரத்தை இழுத்துக் கரையும். அந்த உப்பு நீர் கனெக்டருக்குள் இறங்கினால் செம்பு, பித்தளைப் பின்கள் பச்சை பூத்து அரிக்கும். உரம் ஏற்றிய பின் தொட்டியை நன்றாகக் கழுவ வேண்டும். ஆனால் கனெக்டர்கள் மீது நேராகப் பிரஷர் பம்ப் தண்ணீரை அடிக்கக் கூடாது.

கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பின்கள் வளையாமல், துரு இல்லாமல், மாட்டும்போது 'டிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது சோதனை: புகைக் கசிவு

சென்சாருக்கு முன்னால் உள்ள சைலன்சர் குழாயில் ஓட்டையோ, கேஸ்கெட்டில் கசிவோ இருந்தால் புகை வெளியே போவது மட்டும் நடப்பதில்லை. புகை விட்டுவிட்டு வருவதால், இடைப்பட்ட நேரத்தில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்தக் காற்றின் ஆக்சிஜனைப் பார்த்து 'பெட்ரோல் போதவில்லை' என்று சொல்லும். கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். இங்கே சென்சாரும் நல்லது, வயரும் நல்லது. மைலேஜ் மட்டும் போகும். புதுச் சென்சார் போட்டாலும் இதே கதைதான்.

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து 'டப் டப்' என்று கசியும் சத்தத்தைக் கேட்கலாம். இணைப்புகளில் கருப்புக் கோடாகக் கரி படிந்திருந்தால் அங்கே கசிவு இருக்கிறது. இந்தச் சோதனைகளைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓட விட்டால் கார்பன் மோனாக்சைடு வாயு உயிரைப் பறிக்கும்.

மூன்றாவது சோதனை: ஹீட்டர்

பி0135 அல்லது பி0141 வந்தால் இங்கிருந்து தொடங்கலாம். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

முதலில் ஃபியூஸ். வண்டியின் கையேட்டில் எந்த ஃபியூஸ் என்று இருக்கும். ஃபியூஸ் போயிருந்தால் மாற்றிவிட்டு விட்டுவிடக் கூடாது. ஏன் போனது என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, கனெக்டரைக் கழற்றிச் சென்சார் பக்கம் உள்ள நான்கு வயர்களில் ஒரே நிறமாக உள்ள இரண்டைக் கண்டுபிடியுங்கள். அவைதான் ஹீட்டர் வயர்கள். பரவலாக உள்ள போஷ் வகையில் இரண்டு வெள்ளை ஹீட்டர், கருப்பு சிக்னல், சாம்பல் எர்த். டென்சோ வகையில் இரண்டு கருப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். வண்டிப் பக்க வயரின் நிறம் இதற்கு மாறாக இருக்கும். ஆகவே சென்சார் பக்க நிறத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சென்சார் ஆறிய நிலையில் அந்த இரண்டு ஹீட்டர் பின்களுக்கு இடையே மின்தடையை அளந்தால் சில ஓம் முதல் 15 ஓம் வரை காட்டும். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் பார்க்கலாம். மீட்டர் எதுவுமே காட்டாமல் 'ஓப்பன்' என்றால் ஹீட்டர் உள்ளே அறுந்துவிட்டது. சென்சாரை மாற்றத்தான் வேண்டும். ஒரு ஹீட்டர் பின்னுக்கும் சென்சாரின் இரும்பு உடலுக்கும் இடையே தொடர்பு காட்டினால் உள்ளே ஷார்ட். ஃபியூஸ் அடிக்கடி போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஹீட்டரின் ஓம் சரியாக இருந்தால், வண்டிப் பக்கக் கனெக்டரில் பாருங்கள். ஹீட்டரின் ஒரு பின்னில் பேட்டரி மின்னழுத்தம், அதாவது 12 வோல்ட் அளவு வர வேண்டும். சில வண்டிகளில் சாவி போட்டதும் வரும். சிலவற்றில் இன்ஜின் ஓடும்போதுதான் வரும். வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, வயர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று. ஹீட்டரின் மற்றொரு முனையைக் கம்ப்யூட்டர் விட்டுவிட்டு எர்த் செய்து கட்டுப்படுத்தும்.

நான்காவது சோதனை: சிக்னல்

கனெக்டரை மீண்டும் மாட்டி, இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம். வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் வைத்துக்கொண்டு, செல்போன் திரையிலோ ஸ்கேனரிலோ சென்சார் 1-இன் வோல்ட் அளவைக் கவனியுங்கள். நல்ல சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே, 0.45 கோட்டைத் திரும்பத் திரும்பக் கடந்து மேலும் கீழும் போய்வரும்.

சிக்னல் ஓரிடத்தில் நின்றுவிட்டால் அது நிற்கும் இடம் குறையைக் காட்டிக் கொடுக்கும்.

0.45 வோல்ட்டில் அசையாமல் நின்றால்: பல வண்டிகளில் கம்ப்யூட்டரே சிக்னல் வயரில் இந்த அளவு மின்னழுத்தத்தை வைத்திருக்கும். சென்சார் அதை அசைக்கவில்லை என்றால் சிக்னல் அல்லது எர்த் வயர் அறுந்திருக்கலாம். அல்லது ஹீட்டர் வேலை செய்யாமல் சென்சார் ஆறிக் கிடக்கலாம்.

0-க்கு அருகே நின்றால்: சிக்னல் வயர் எங்கோ இரும்பில் பட்டு எர்த் ஆகியிருக்கலாம், புகைக் கசிவு இருக்கலாம், அல்லது உண்மையிலேயே பெட்ரோல் போதாமல் இருக்கலாம்.

0.9-க்கு அருகே நின்றால்: பெட்ரோல் அதிகமாகப் போகலாம்; கசியும் இன்ஜெக்டர், சி.என்.ஜி. ரெகுலேட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

1 வோல்ட்டுக்கு மேல் தெளிவாகக் காட்டினால்: இந்த வகைச் சென்சார் தானாக அந்த அளவைத் தராது. உருகிய வயர் அல்லது ஈரமான கனெக்டர் வழியாக ஹீட்டரின் 12 வோல்ட் சிக்னல் வயருக்குள் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

சென்சாரா, இன்ஜினா என்று பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்துங்கள், வோல்ட் 0.8-க்கு மேல் போக வேண்டும். சட்டென்று விடுங்கள், இன்ஜின் வேகம் இறங்கும்போது 0.2-க்குக் கீழே வர வேண்டும். இரண்டும் உடனே நடந்தால் சென்சாரும் அதன் சுற்றும் நன்றாக இருக்கின்றன. விளக்குக்கான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. வாக்குவம் ஹோஸ் வெடிப்பு, அடைத்த பெட்ரோல் ஃபில்டர், பலவீனமான பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள்.

இதற்குத் துணையாக ஸ்கேனரில் 'ஃபியூயல் டிரிம்' என்ற சதவீதத்தையும் பார்க்கலாம். கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை அது காட்டும். கூட்டல் அல்லது கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. கூட்டல் 20 என்று நின்றால், கம்ப்யூட்டர் 'பெட்ரோல் போதவில்லை' என்ற செய்தியை நம்பி ஊற்றிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். அந்தச் செய்தி உண்மையா பொய்யா என்பதை மேலே சொன்ன ஆக்சிலேட்டர் சோதனை சொல்லிவிடும்.

பின் சென்சாரை இதே அளவுகோலால் பார்க்கக் கூடாது. கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சார் பெரும்பாலும் 0.6, 0.7 வோல்ட் அளவில் அமைதியாக இருக்கும். அது முன் சென்சாரைப் போலவே துள்ளினால் கன்வெர்ட்டர் வலுவிழந்துவிட்டது என்று பொருள்.

இன்னொரு எச்சரிக்கை: சில புதிய வண்டிகளில் முன்னால் இருப்பது 'ஏர் ஃபியூயல் ரேஷியோ சென்சார்' என்ற வேறு வகை. அது 0.1 முதல் 0.9 வரை துள்ளாது. உங்கள் வண்டியில் எந்த வகை என்பதைச் சர்வீஸ் கையேட்டில் உறுதி செய்தபின் அளவெடுங்கள்.

ஐந்தாவது சோதனை: வயர் சரியா?

சிக்னல் அசையவில்லை, ஹீட்டர் சரியாக இருக்கிறது என்றால், இப்போது சென்சாரா வயரா என்று முடிவு செய்ய வேண்டும். இதை அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்வது நல்லது. 12 வோல்ட் வரும் பின்னைத் தவறுதலாக எர்த் செய்தால் ஃபியூஸ் போகும்.

கனெக்டரைக் கழற்றி, சாவியைப் போட்டு, வண்டிப் பக்கத்துச் சிக்னல் பின்னையும் சென்சார் எர்த் பின்னையும் ஒரு சிறு வயரால் இணைக்க வேண்டும். ஸ்கேனரில் வோல்ட் அளவு 0-க்கு இறங்கினால் வயரும் கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கின்றன; பழுது சென்சாரில்தான். அளவு மாறவே இல்லை என்றால் கனெக்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. அந்த நிலையில் எத்தனை புதுச் சென்சார் போட்டாலும் விளக்கு அணையாது.

எர்த்தையும் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது சென்சார் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே பெரும்பாலான வண்டிகளில் 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மேடு பள்ளத்தில் மட்டும் விளக்கு எரிகிறது என்றால், திரையைப் பார்த்துக்கொண்டே வயரைப் பல இடங்களில் மெல்ல அசைத்துப் பாருங்கள். எண் குதிக்கும் இடத்தில் குறை இருக்கிறது.

சிக்னல் வயரில் டெஸ்ட் பல்பு வைத்துப் பார்க்கக் கூடாது. சிக்னல் பின்னில் ஓம் அளக்கவோ பேட்டரி மின்சாரம் கொடுக்கவோ கூடாது. நல்ல சென்சாரும் கெட்டுவிடும்.

சென்சாரை மாற்றும்போது

சோதனையில் சென்சார்தான் பழுது என்று உறுதியானால், அது ஏன் கெட்டது என்றும் பாருங்கள். இன்ஜின் ஆயில் எரிந்தாலோ கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்தாலோ அதன் படிவு சென்சாரை மூடும். கேஸ்கெட்டுக்குத் தடவும் சாதாரண சிலிக்கான் பசையின் ஆவியும் சென்சாரைக் கெடுக்கும். 'சென்சார் சேஃப்' என்று குறிப்பிட்ட பசையையே பயன்படுத்தச் சொல்லுங்கள். மூலக் காரணத்தைச் சரிசெய்யாமல் போட்ட புதுச் சென்சாரும் விரைவில் போய்விடும்.

இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது சென்சாரைக் கழற்றினால் மரை சேதமாகாது. பெரும்பாலானவற்றுக்கு 22 எண் ஸ்பேனர் பொருந்தும். புதுச் சென்சாரின் முனையில் கை, ஆயில், கிரீஸ் படக் கூடாது. பல சென்சார்கள் தமக்குத் தேவையான வெளிக்காற்றைத் தம் வயரின் இழைகள் வழியாகவே எடுத்துக்கொள்கின்றன. அதனால் சென்சார் பக்க வயரை வெட்டி ஈயம் வைத்துப் பற்றவைப்பதும், கனெக்டருக்குள் ஆயில் ஸ்பிரே அடிப்பதும், கிரீஸ் திணிப்பதும் தவறு. வண்டிக்கு உரிய பாக எண் கொண்ட சென்சாரை, அதன் கனெக்டரோடு வாங்குவதே பாதுகாப்பு.

வேலை முடிந்ததும் பழுது எண்ணை அழித்து, வேகத்தை மாற்றி மாற்றி அரை மணி நேரம் ஓட்டுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் ஸ்கேன் செய்து எண் திரும்பவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

தள்ளிப்போட்டால் என்ன நட்டம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 15-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் ஓடினால் முன்பு சுமார் 4.4 லிட்டர், இப்போது 5.3 லிட்டர். மாதத்தில் 25 நாள் ஓடினால் கூடுதல் செலவு சுமார் 22 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் மாதம் 2,200 ரூபாய் புகையாகப் போகிறது. இதோடு, தொடர்ந்து அதிகப் பெட்ரோல் போனால் கன்வெர்ட்டரும் கெடும். அதன் விலை சென்சாரின் விலையைவிடப் பல மடங்கு. அறுந்த வயர் ஒன்றைச் சரிசெய்யும் செலவில் தவிர்த்திருக்கக்கூடிய நட்டம் இது.

பட்டறையில் கேட்க வேண்டிய கேள்விகள்

எல்லாச் சோதனைகளையும் நீங்களே செய்ய வேண்டியதில்லை. ஆனால் சென்சாரை மாற்ற வேண்டும் என்று சொன்னால் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. பழுது எண் என்ன? அது முன் சென்சாரா, பின் சென்சாரா?
2. ஹீட்டரின் ஓம் எவ்வளவு? அதற்கு 12 வோல்ட் வருகிறதா?
3. ஆக்சிலேட்டரை அழுத்தி விடும்போது சிக்னல் மேலும் கீழும் போகிறதா?
4. கனெக்டர், வயர், புகைக் கசிவு ஆகியவற்றைப் பார்த்தாயிற்றா?

இந்த நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு பணம் கொடுங்கள். வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால் எந்த வயரையும் வெட்டாமல் நேராக நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்குக் கொண்டு செல்லுங்கள். எரிபொருள் இன்ஜெக்‌ஷன் கொண்ட பி.எஸ்.6 இருசக்கர வாகனங்களிலும் இந்தச் சென்சார் உண்டு. சிலவற்றில் ஹீட்டர் இல்லாமல் ஒன்றிரண்டு வயர் மட்டும் இருக்கும். பால் கேனோடு தினமும் ஓடும் பைக்கில் மைலேஜ் திடீரென்று குறைந்தால் அதன் வயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அறுவடைக் காலம் தொடங்கும் முன்பே ஒருநாள் ஒதுக்கி, வண்டியின் அடிப்பக்க வயர்கள், கிளிப்புகள், கனெக்டர்கள், சைலன்சர் இணைப்புகள் ஆகியவற்றைப் பார்த்து வைப்பது நல்லது. காய் பழுத்து மூட்டை கட்டிய பிறகு வண்டி பட்டறையில் நின்றால் பழுதுக்கான செலவோடு அன்றைய விலையும் போய்விடும்.